எத்தனையாவது கல்லூரி?

(மூன்றாம் ஆண்டு, பொருளியல்)

முதலாவது எது, இரண்டாவது எது என்று கேளாமல் மனிதனால் இருக்க முடிவதில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த சில மாதங்களிலேயே நமக்கெல்லாம் மதிப்பெண் அட்டை வந்தது. அதன் அடியில் 'ரேங்க்' என்று ஓர் எண் இருந்தது. அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் வீட்டில் முகங்கள் மலர்ந்தன, அல்லது வாடின. அதற்கு மேலே இருந்த தமிழையும் கணக்கையும் நின்று படித்துப் பார்த்தவர்கள் குறைவு. இப்படி நமக்கு எண் கொடுத்து வந்த கல்வி நிலையங்களுக்கே இப்போது எண் கொடுக்கிறார்கள். நம் ஆசிரியப் பெருமக்கள் இதை எப்படி எடுத்துக்கொள்கிறார்களோ! மாணவர்களாகிய நமக்கு உள்ளூர ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு என்பதை மறைப்பானேன்?

ஆனால் அந்த எண் எங்கள் வீட்டுத் திண்ணைக்கே வந்து உட்கார்ந்தபோது மகிழ்ச்சி அவ்வளவாக இல்லை.

என் ஊர் மங்களூர். இப்படிச் சொன்னதும், "அவ்வளவு தூரத்திலிருந்தா வருகிறாய்? கப்பலெல்லாம் பார்த்திருப்பாயே!" என்று கேட்டவர்கள் உண்டு. அது கன்னட நாட்டு மங்களூர். எங்கள் மங்களூர் திட்டக்குடிப் பக்கம். இங்கே கடலும் இல்லை, கப்பலும் இல்லை. மக்காச்சோளமும் பருத்தியும் உண்டு. வானம் பார்த்த பூமி. பிள்ளைகள் படிப்பதென்றால் வேப்பூர் வழியாகப் பேருந்து ஏறி விருத்தாசலம் வர வேண்டும்.

என் சித்தப்பாவின் மகள் பிளஸ் டூ தேறிய சமயம், ஊருக்கு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் பை, பையில் வழவழப்பான வண்ணப் புத்தகங்கள். ஒரு தனியார் கல்லூரியின் பெயரைச் சொல்லி, 'அகில இந்தியத் தரவரிசையில் இடம்பெற்ற கல்வி நிறுவனம்' என்ற வரியை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். விடுதியோடு சேர்த்து மூன்று ஆண்டுக்கும் மூன்று லட்சத்துக்கு மேல் ஆகும் என்றார். சித்தப்பாவிடம் இருப்பது ஒரு காணி நிலமும் நாலு ஆடுகளும். நிலத்தை அடமானம் வைப்பது என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. அன்று மாலை என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்:

"ஏம்மா, உங்க காலேஜு எத்தினியாவது?"

"எத்தினியாவதுன்னா?"

"இந்தியாவுல எத்தினியாவது நம்பருன்னு கேக்குறேன். அவுங்க புஸ்தகத்துல போட்டிருக்காங்க பாரு."

"முதல் நூறுல நம்ம காலேஜ் பேரு இல்ல சித்தப்பா."

"பேரே இல்லியா?"

அந்தக் குரலில் ஏளனம் இல்லை. ஏளனமாக இருந்திருந்தால் நானும் சுடச்சுடப் பதில் சொல்லியிருப்பேன். அதில் இருந்தது கவலை. அண்ணன் மகள் இரண்டு வருடமாக எங்கேயோ போய் எதையோ படித்துக்கொண்டிருக்கிறாளே என்ற கவலை.

இந்தச் செய்தியை எங்கள் துறை மன்றத்தில் சொன்னேன். எங்கள் ஆசிரியர் ஒருவர், "சரி, அதையே விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வாய்க்கு வந்ததைப் பேசக்கூடாது. பட்டியல் எப்படித் தயாராகிறது என்று படித்துவிட்டு வந்து பேசுங்கள்" என்றார். பத்து நாள் அவகாசம் கொடுத்தார். அந்தப் பத்து நாளில் நான் படித்ததும், அதன்பின் கூட்டத்தில் கேட்டதும்தான் இக்கட்டுரை.

'தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்பு' என்ற நீண்ட பெயர் கொண்ட திட்டத்தை மத்திய அரசு 2015 செப்டம்பரில் தொடங்கியது. முதற் பட்டியல் 2016 ஏப்ரலில் வெளிவந்தது. அது முதல் ஆண்டுதோறும் வருகிறது. பொதுப் பட்டியலில் 100 மதிப்பெண்ணை ஐந்து கூறாகப் பிரிக்கிறார்கள். கற்பித்தலுக்கும் அதற்கான வளங்களுக்கும் 30, ஆராய்ச்சிக்கு 30, தேர்ச்சி, வேலை முதலிய விளைவுகளுக்கு 20, எல்லாத் தரப்பினருக்கும் இடமளிப்பதற்கு 10, வெளியார் கொண்டுள்ள மதிப்புக்கு 10. கல்லூரிகளுக்கென்று தனியாக உள்ள பட்டியலில் கற்பித்தலுக்குக் கூடுதலாகவும் ஆராய்ச்சிக்குக் குறைவாகவும் பங்கு தருகிறார்கள். தலைப்புகள் அவையே.

இதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. கணக்கிடும் முறையை அவர்களே அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். நான் குற்றம் கண்டுபிடிக்கும் எண்ணத்தோடுதான் அதைப் படிக்க உட்கார்ந்தேன். படித்தபோது முதலில் தோன்றியது மரியாதை.

கூட்டத்தன்று பட்டியலுக்கு ஆதரவாகப் பேசிய தோழர் அந்த மரியாதையையே தம் வாதமாக வைத்தார். "இந்தப் பட்டியல் இல்லாத காலத்தில் நம் பெற்றோருக்கு என்ன இருந்தது? பேருந்தின் பின்னால் ஒட்டிய விளம்பரமும் தரகர் வார்த்தையும்தான் இருந்தன. கல்லூரி எத்தனை மாடி, பேருந்து எத்தனை என்று பார்த்துச் சேர்த்தார்கள். இப்போது ஆசிரியர் எத்தனை பேர், செலவு எவ்வளவு, தேறியவர் எத்தனை பேர் என்று கேட்க ஓர் ஆள் இருக்கிறார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அந்த ஒரு சோற்றையாவது எடுத்துப் பார்க்க வேண்டாமா?" என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன். ஆட்டை வாங்கப் போகிறவன்கூட வேப்பூர்ச் சந்தையில் முதுகைத் தடவிப் பார்த்து, தூக்கிப் பார்த்துத்தான் விலை பேசுகிறான். பிள்ளையைச் சேர்க்கிறவன் எதையும் தடவிப் பார்க்கக் கூடாது என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

ஆயினும் அந்தப் பழமொழியில் ஒரு நிபந்தனை அடங்கியிருக்கிறது. பானை ஒன்றாக இருக்க வேண்டும். அரிசி ஒன்றாக இருக்க வேண்டும். தீயும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இதை எனக்கு விளங்கச் செய்தவர் எந்தப் பேராசிரியரும் அல்லர். என் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாயார். விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை ஒன்றில், சூளையிலிருந்து இறங்கும் பொருள்களைத் தரம் பிரிக்கும் வேலை அவருக்கு. நம்மில் பலர் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் நடந்து போயிருக்கிறோம். வெள்ளைத் தூசி படிந்த அந்தக் கொட்டகைகளுக்குள் எட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேரோ! களிமண்ணைக் கரைத்து, அச்சில் ஊற்றி, உலர்த்தி, ஒரு முறை சுட்டு, மெருகு பூசி, மறுபடியும் 1200 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் சுடுகிறார்கள். வெளியே வருவதை அந்த அம்மாள் ஒவ்வொன்றாக எடுத்து விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டுகிறார். 'ணங்' என்றால் நல்லது. 'டப்' என்றால் உள்ளே விரிசல். கண்ணுக்குத் தெரியாத விரிசல் காதுக்குத் தெரிந்துவிடுகிறது.

"எல்லாத்தையும் இப்படித் தட்டித்தான் பார்ப்பீங்களா அம்மா?" என்று கேட்டேன்.

"கப்புக்குச் சரி. பொம்மைக்குத் தட்டுனா ஆச்சா? மூஞ்சி லட்சணமா வந்திருக்கான்னு பாக்கணும். பியூஸ் கேரியருக்கு மூஞ்சி எதுக்கு? அது கரண்ட்டத் தாங்கணும். ஒண்ணுக்குப் பாக்குறத இன்னொண்ணுக்குப் பாத்தா நல்ல சரக்கெல்லாம் கழிவுலதான் போவும்."

கோப்பையையும் கொலுப் பொம்மையையும் மின்சாரப் பீங்கானையும் ஒரே வரிசையில் நிறுத்தி, எது முதலாவது என்று கேட்டால் அந்த அம்மாள் சிரிப்பார். நாட்டில் உள்ள கல்லூரிகளை நாம் அப்படித்தான் நிறுத்தியிருக்கிறோம். 2024ஆம் ஆண்டுப் பட்டியலில் முதல் மூன்று இடங்களையும் பெற்றவை தில்லியில் உள்ள இந்து கல்லூரி, மிராண்டா ஹவுஸ், செயின்ட் ஸ்டீபன்ஸ் ஆகியவை. நாடெங்கிலுமிருந்து மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்கள் போட்டியிட்டு நுழையும் இடங்கள் அவை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்களைச் சேர்த்துக்கொண்டு, மூன்று ஆண்டில் பட்டதாரியாக்கி அனுப்புகிற ஊர்ப்புறக் கல்லூரியின் வேலை வேறு. போன மண்ணையும் பார்க்க வேண்டும், வந்த பாத்திரத்தையும் பார்க்க வேண்டும் அல்லவா? (நம்மை மட்டமான களிமண் என்று சொல்லிவிட்டதாக நண்பர்கள் கோபிக்க வேண்டாம். களிமண்ணில் உயர்வு தாழ்வு கிடையாது, இன்ன பொருளுக்கு இன்ன மண் என்பதுதான் உண்டு என்று அந்த அம்மாளே சொன்னார்.)

சில கூறுகளை அருகில் வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகும்.

எல்லாத் தரப்பினருக்கும் இடமளித்தல் என்ற தலைப்பைப் பாருங்கள். பெயரைக் கேட்டதும், இதில் நம்மை மிஞ்ச யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். பெண்களுக்கு, ஏழை மாணவர்களுக்கு, பின்தங்கிய வகுப்பினருக்கு, மாற்றுத் திறனாளிகளுக்கு என்றெல்லாம் அதில் பங்கு இருக்கிறது. மிகவும் நியாயம். ஆனால் அத்தலைப்பின் 100இல் 30 பங்கு, வேறு மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் எத்தனை மாணவர்கள் வந்திருக்கிறார்கள் என்பதற்குப் போகிறது. நம் வகுப்பில் சிறுபாக்கம் இருக்கிறது, வேப்பூர் இருக்கிறது, மங்கலம்பேட்டை இருக்கிறது, பெண்ணாடம் இருக்கிறது. பீகாரும் மணிப்பூரும் இல்லை. சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள் காலையில் பேருந்தேறி வந்து மாலையில் வீடு திரும்பிப் படிக்க வேண்டும் என்பதற்காகவே அரசு கட்டிய கல்லூரிகள் இவை. எதற்காகக் கட்டினார்களோ அதைச் சரியாகச் செய்தால் அந்த 30இல் ஒன்றும் கிடைக்காது. பொதுப் பட்டியலின் மொத்தக் கணக்கில் இது 3 மதிப்பெண்தான். ஆனால் பட்டியலின் நடுப்பகுதியில் அடுத்தடுத்த இடங்களுக்கிடையே ஒரு மதிப்பெண்கூட வித்தியாசம் இல்லாத நிலையில், 3 மதிப்பெண் என்பது ஒரு கல்லூரியைப் பல படி கீழே இறக்கப் போதுமானது.

ஆராய்ச்சியை ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் என்னும் பன்னாட்டுத் தொகுப்புகளில் ஏறிய கட்டுரைகளைக் கொண்டு எண்ணுகிறார்கள். வேதியியலுக்கும் இயற்பியலுக்கும் அது பொருந்தலாம். தமிழ்த்துறை ஆசிரியர் ஒருவர் பழமலைநாதர் கோயில் கல்வெட்டுகளை ஆண்டுக்கணக்கில் படித்துத் தமிழிலே ஒரு நூல் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். செம்பியன் மாதேவியின் திருப்பணியைப் பற்றி அதைப் படித்துத்தான் நாளைக்கு எவரும் பேச முடியும். அந்தக் கணக்கில் அந்நூல் சுழியம்.

வேலை வாய்ப்பு என்ற கூறும் அப்படியே. படிப்பு முடிந்ததும் வளாகத்துக்கு வந்த நிறுவனம் பொறுக்கி எடுத்துக்கொண்டால் அது கணக்கில் ஏறும். நம் அண்ணன்மாரும் அக்காமாரும் பட்டம் பெற்றபின் இரண்டு மூன்று ஆண்டு நூலகத்தில் அமர்ந்து தேர்வாணையத் தேர்வு எழுதி, கிராம நிர்வாக அலுவலராகவும் காவலராகவும் போகிறார்கள். அவர்கள் வேலைக்குப் போகும் நாளில், அவர்களுடைய ஆண்டின் கணக்கை எப்போதோ மூடிவிட்டிருப்பார்கள்.

வெளியார் மதிப்புக்கு 10 மதிப்பெண் என்றேன். வேலை கொடுப்போரிடமும் கல்வியாளர்களிடமும் கருத்துக் கேட்டு இதைப் போடுகிறார்கள். மங்களூர் என்றால் கப்பலைத் தேடுகிற உலகத்தில் இதைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் சொன்னதால் நான் பட்டியல் பொய் என்கிறேன் என்று கொள்ளலாகாது. ஓரிடத்தில் அது நமக்குக் கசப்பான உண்மையைச் சொல்கிறது. எத்தனை மாணவருக்கு ஓர் ஆசிரியர், அவர்களில் முனைவர் பட்டம் பெற்றவர் எத்தனை பேர், பணியனுபவம் எவ்வளவு என்று அது கேட்கிறது. தமிழ்நாட்டின் அரசு கலைக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டே வகுப்புகள் நடந்து வந்துள்ளன. அவர்கள் பாடம் நடத்துவதில் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் அடுத்த ஆண்டு எங்கே இருப்போம் என்று தெரியாமல் பாடம் நடத்துகிறார்கள். இந்தக் கேள்விக்கு நாம் குறைந்த மதிப்பெண் பெற்றால் அது பட்டியலின் குற்றமன்று. அங்கே குறையைச் சொன்னவனிடம் கோபித்துக்கொள்வதில் பயனில்லை. காலியிடத்தை நிரப்ப வேண்டியவர்களிடம் அந்தக் கணக்கையே காட்டிக் கேட்கலாம்.

சரி, சொல்லப்பட்ட அளவுக்குள்ளாவது எண் நிலையானதா? சென்னை மாநிலக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். 1840ஆம் ஆண்டு வரை வேர் நீளும் கல்லூரி. சர் சி. வி. ராமனும் சந்திரசேகரும் படித்த இடம். நம்மைப் போன்றே அரசு கலைக் கல்லூரி. 2022இலும் 2023இலும் நாட்டிலேயே மூன்றாம் இடம் பெற்றது. அந்த ஆண்டுகளில் நமக்கும் அதில் ஒரு பங்கு பெருமை இருந்தது. 2024இல் பதின்மூன்றாம் இடம். ஒரே ஆண்டில் கடற்கரையோரத்துக் கட்டடமா இடிந்துவிட்டது? ஆசிரியர்கள் எல்லாம் பாடத்தை மறந்துவிட்டார்களா? 2023இல் அங்கே சேர்ந்த மாணவன் மூன்றாம் எண் கல்லூரியில் சேர்ந்து பதின்மூன்றாம் எண் கல்லூரியில் இரண்டாமாண்டு படித்தான். அவனுக்கு வகுப்பில் என்ன வேறுபாடு தெரிந்திருக்கும் என்று அவனைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு கணக்கு. உயர்கல்வி பற்றிய மத்திய அரசின் கணக்கெடுப்பின்படி 2021-22இல் இந்தியாவில் இருந்த கல்லூரிகள் 45,473. 2024இல் தரவரிசைக்கு விண்ணப்பித்த கல்லூரிகள் 3,371. நூற்றுக்கு எட்டுக்கூட இல்லை. ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்காதவன் கடைசியாக வந்தான் என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் "பேரே இல்லியா?" என்று சித்தப்பா கேட்டபோது அந்தப் பொருளில்தான் கேட்டார். நாடு முழுவதும் பெற்றோர் அந்தப் பொருளில்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த முதல் நூறில் 37 கல்லூரிகள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை என்பதையும் சொல்லிவிட வேண்டும்; எந்த மாநிலத்துக்கும் அதைவிட அதிகம் இல்லை. பெருமைதான். சித்தப்பாவின் கேள்விக்கு அது பதிலாகவில்லை.

கூட்டத்தில் சூடு பிடித்தது அடுத்த பிரச்சினையில்தான். கல்லூரியைப் பற்றிய விவரங்களில் பெரும்பகுதியைக் கொடுப்பது அந்தக் கல்லூரியே. தேர்வு எழுதியவனே விடைத்தாளைத் திருத்துவது போல இல்லையா என்று ஒரு தோழி கேட்டாள். இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நிறுவனங்கள் தாமே ஏற்றும் விவரங்கள் தக்கபடி சரிபார்க்கப்படுவதில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பொதுநல வழக்குத் தொடரப்பட்டு, 2025 மார்ச்சில் அவ்வாண்டுப் பட்டியலை வெளியிட இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது. அந்தத் தடை நிலைக்கவில்லை. 2025 செப்டம்பர் 4ஆம் நாள் பட்டியல் வெளிவந்தது. சென்னை ஐ.ஐ.டி. தொடர்ந்து ஏழாவது ஆண்டாகப் பொதுப் பட்டியலில் முதலிடம் பெற்றது. இதழ்கள் திரும்பப் பெற்றுக்கொண்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்காக மதிப்பெண்ணைக் குறைக்கும் முறையும் அந்த ஆண்டு சேர்ந்தது. பரீட்சையில் பார்த்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதானே கண்காணிப்பாளரை நிறுத்துகிறோம்!

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயும் அன்று. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகம் ஒரு வார இதழாகத் தொடங்கிய நிறுவனத்தின் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு ஏறியிருந்தது. அங்கேயே கணிதம் கற்பிக்கும் மைக்கேல் தாடியஸ் என்ற பேராசிரியருக்குச் சந்தேகம் வந்தது. 20 மாணவர்களுக்குக் குறைவான வகுப்புகள் நூற்றுக்கு 82.5 என்று பல்கலைக்கழகம் எழுதிக் கொடுத்திருந்தது. அவர் வெளியார் எவரையும் கேட்கவில்லை. பல்கலைக்கழகம் வெளியிட்டிருந்த வகுப்புப் பட்டியலையே எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினார். 67க்கு மேல் வரவில்லை. 2022 பிப்ரவரியில் அதை வெளியிட்டார். சில கணக்குகள் தவறென்று பல்கலைக்கழகமும் பின்னர் ஒப்புக்கொண்டது. அந்தச் செப்டம்பரில் பதினெட்டாம் இடத்துக்கு இறங்கியது. அடுத்த ஆண்டு அந்தப் பட்டியலுக்கு விவரம் கொடுப்பதையே நிறுத்திக்கொண்டது. நம் நாட்டில் ஏழு ஐ.ஐ.டி.க்கள் 2020இல் லண்டனிலிருந்து வரும் ஓர் உலகத் தரவரிசையிலிருந்து விலகின; கணக்கு எப்படிப் போடுகிறீர்கள் என்பது விளங்கவில்லை என்றன. சீனத்து ஷாங்காயில் 2003இல் தொடங்கிய பட்டியலில் 100க்கு 30, பழைய மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்ற நோபல் பரிசு, ஃபீல்ட்ஸ் பதக்கம் ஆகியவற்றுக்கே போகிறது. அதைப் பற்றி நாம் கவலைப்பட இன்னும் நாள் இருக்கிறது.

தாடியஸ் செய்ததுதான் எனக்கு வழி காட்டியது. நம் நாட்டுப் பட்டியலில் கலந்துகொள்ளும் நிறுவனங்கள், தாம் எழுதிக் கொடுத்த விவரங்களைத் தத்தம் இணையதளத்திலும் எல்லோரும் காணும்படி வைக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தாளில் இடம் எத்தனை, சேர்ந்தவர் எத்தனை, குறித்த ஆண்டுகளுக்குள் தேறியவர் எத்தனை, வேலைக்குப் போனவர் எத்தனை, அவர்கள் சம்பளத்தின் நடு அளவு என்ன, மேற்படிப்புக்குப் போனவர் எத்தனை என்று எல்லாம் ஆண்டுவாரியாக இருக்கிறது. எண்ணை விளம்பரத்தில் போடுகிறார்கள். தாளை எவரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அந்த வண்ணப் புத்தகத்துக் கல்லூரியின் தாளைத் தேடினேன். கிடைத்தது. ஆனால் அது அந்தக் கலைக் கல்லூரியின் தாள் அன்று. அதே அறக்கட்டளை நடத்தும் வேறொரு தொழிற்கல்வி நிறுவனத்தின் தாள். தரவரிசை பெற்றதும் அதுதான். தங்கை சேரவிருந்த கலைக் கல்லூரி, பட்டியலுக்கு விண்ணப்பித்ததாகவே தெரியவில்லை. புத்தகத்தில் 'கல்வி நிறுவனம்' என்று போட்டிருந்தார்களே தவிர, எந்த நிறுவனம் என்று போடவில்லை. பொய்யென்று ஒரு சொல்லைக்கூடக் காட்ட முடியாது.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பக்கத்து வூட்டு மாட்டக் காட்டிட்டு நம்மகிட்ட கன்னுக்குட்டிய விக்கிறாப்ல இருக்குது" என்றார்.

அவ்வளவு பெரிய கணக்கு முறையில் இதற்கு ஒரு தடுப்பும் இல்லை. பட்டியல் போட்டவர்கள் நேர்மையாகவே போட்டிருக்கலாம். நூறு பக்கம் விதி எழுதி, விவரம் வாங்கி, கணினியில் கூட்டிப் பெருக்கி எடுத்த எண், தோள் பையில் ஏறி மங்களூர்த் திண்ணைக்கு வந்து சேர்வதற்குள் வேறொரு கல்லூரியின் எண்ணாக மாறிவிட்டது. நம்பகம் பற்றிப் பேசுகிறவர்கள் தில்லியில் கணக்குப் போடும் இடத்தையே பார்க்கிறார்கள். எண் செலவாகும் இடத்தையும் பார்க்க வேண்டும் என்று நான் கூட்டத்தில் சொன்னேன்.

முடிவில் எந்த அணி வென்றது என்று ஆசிரியர் அறிவிக்கவில்லை. "பட்டியலை நம்பலாமா என்று கேட்டீர்கள். இன்ன கேள்விக்கு அது பதில் என்று தெரிந்துகொண்டால் அந்த அளவுக்கு நம்பலாம். உங்கள் கேள்வி எது என்று யாரும் சொல்லவில்லையே?" என்று மட்டும் கேட்டு அமர்ந்துவிட்டார். எதிரணித் தோழருக்கும் எனக்கும் சேர்ந்தாற்போல் வாயடைத்துவிட்டது.

தங்கை இவ்வாண்டு நம் கல்லூரியில் வேதியியல் சேர்ந்திருக்கிறாள். என் வாதத்திறமையால் நடந்ததென்று எவரும் எண்ண வேண்டாம். கடன் கேட்ட இடத்தில் வட்டி கூடுதலாகச் சொன்னார்கள். 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் எனக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக்கு வந்ததைச் சித்தி கவனித்திருந்தார். வீட்டிலிருந்தே போய் வரலாம் என்பதும் ஒரு காரணம். ஆனால் சேர்ப்பதற்கு முன் சித்தப்பா என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். அந்த வகுப்புக்குப் பாடம் சொல்ல எத்தனை வாத்தியார்? சோதனைச்சாலையில் பிள்ளைகள் தாங்களே கையால் செய்து பார்க்கிறார்களா, வாத்தியார் செய்வதை எட்டி நின்று பார்க்கிறார்களா? மூன்று வருடத்துக்கு முன் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

முதல் இரண்டுக்கும் வேதியியல் துறைக்குப் போய்க் கேட்டுப் பதில் கொண்டுவந்தேன். மூன்றாவதில் முற்பகுதிக்கு அலுவலகப் பதிவேட்டில் விடை இருக்கிறது. பிற்பகுதிக்கு விடை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அது நம்மிடம் இருக்கிறது. ஒவ்வொரு ஊர்க்காரரும் தத்தம் ஊரிலிருந்து இங்கே படித்துப் போனவர்களை அறிவோம்.

ஆகவே எங்கள் மன்றத்தார் ஒரு படிவம் அச்சிட்டிருக்கிறார்கள். பெயர் வேண்டாம், ஊர், துறை, சேர்ந்த ஆண்டு, முடித்தாரா இல்லையா, முடிக்காவிட்டால் காரணம், இப்போது என்ன செய்கிறார் என்பவை மட்டும் போதும். கல்யாணமாகிப் போய்விட்டவர்களையும், பாதியில் திருப்பூருக்குப் பின்னலாடை வேலைக்குப் போனவர்களையும் விட்டுவிடாமல் எழுத வேண்டும். நல்ல செய்திகளை மட்டும் எழுதினால் நாமும் ஒரு வண்ணப் புத்தகம் அச்சிட்டவர்கள் ஆவோம். இதுவரை மங்களூர், சிறுபாக்கம், வேப்பூர் ஆகிய மூன்று ஊர்களின் படிவங்கள் வந்துள்ளன. பெண்ணாடம் நண்பர்கள் இன்னும் தரவில்லை. படிவங்கள் நூலகத்தில் நாளிதழ் மேசையின் இடப்பக்கம் வைக்கப்பட்டுள்ளன. அடுத்த ஆண்டு மலரில் தொகுத்து வெளியிட மலர்க்குழு இசைந்திருக்கிறது.